தேநீர் வழங்கப்பட்டது

ஆயுத பூஜைக்கு மறுநாள் சாயங்காலம் மணியம் பக்தி முற்றிப்போய் ஓர் அம்ப்ளிபையரை எரித்துக் கொன்றான்.

ரப்பர் தோட்டத்து மன்றத்தில் இருந்தது பழைய லாரி பேட்டரி. அதன் மேல் அச்சடித்திருந்த கூட்டல், கழித்தல் குறிகளை அமிலம் தின்று ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆட்கள் குழம்பிவிடக் கூடாது என்று மன்றச் செயலாளர் மணியம்தான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பிளஸ் முனைக்குக் குங்குமம், மைனஸ் முனைக்குத் திருநீறு. பெயிண்டு என்றால் வாங்க வேண்டும், காய வேண்டும். குங்குமம் சாமி மாடத்திலேயே இருக்கிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பீடோங் பட்டணத்து ரேடியோ கடைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். அவர் இரண்டு தடவையும் கடைக்குள் எதையோ தேடப் போய்விட்டார்.

ஆயுத பூஜையன்று திருப்புளி, குறடு, மைக், ரெக்கார்டு பெட்டி என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த அவன் கை, பேட்டரிக்கும் வைத்தது. இரண்டு முனைக்கும் திருநீறு, இரண்டு முனைக்கும் குங்குமம். ஒன்றுக்கு வைத்து இன்னொன்றை விட்டால் அது கோபித்துக்கொள்ளுமோ என்ற நல்ல மனசு. மறுநாள் ஒலிபெருக்கி செட்டைப் பரீட்சை பார்க்க உட்கார்ந்தபோதுதான் இரண்டும் அக்கா தங்கைபோல் வெள்ளையும் சிவப்புமாய் நின்றன. மணியம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். எது அதிகச் சிவப்போ அதுதான் பிளஸ் என்று தீர்மானித்தான்.

தப்பான தீர்மானம். அதற்கும் ஒரு காவல் இருந்திருக்கும். பியூஸ் என்று ஒன்று முதலில் எரிந்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் போன வருஷம் அந்த பியூஸ் போனபோது அதன் இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துச் செருகியவனும் மணியம்தான். வெள்ளித்தாள் விசுவாசமாக நின்றது. உள்ளே ‘டப்’ என்றது. மூடியின் ஓட்டைகளிலிருந்து புகை எழும்பிக் கூரைத் தகரத்தைத் தேடிப் போனது. மூடியைத் திறக்கப் போன மணியத்தின் விரலும் வெந்தது.

மன்றத் தலைவர் தர்மலிங்கம் தோட்டத்து லாரி டிரைவர். எதற்கும் பதறாத மனுஷன். புகையை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சாம்பிராணிதான் நேத்தே போட்டாச்சேடா மணியம்.”

சிரிக்கிற நிலைமையில் மணியம் இல்லை. அவன் மகள் பிரேமாவதிக்குப் பன்னிரண்டு நாளில் கல்யாணம்.

தோட்டத்தில் கல்யாண வீடு என்றால் இரண்டு நாளைக்கு முன்பே தென்னை உச்சியில் ஹாரன் ஏறிவிட வேண்டும். விடிகாலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிறவன் காதில் முதல் பாட்டு விழ வேண்டும். சத்தம் இல்லாத கல்யாண வீட்டை ஊர் நம்பாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காளியம்மா மகன் கல்யாணத்தில் பேட்டரி இறங்கிப் பாட்டு நின்று போக, பக்கத்து டிவிஷனிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு லாரி ஜனம், யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துப் பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறது. இப்போது மாப்பிள்ளை வீடு பாடாங் செராய், வெளியூர். பட்டணத்து வாடகை செட்டுகள் எல்லாம் ஐப்பசி முழுக்க மற்றவர்கள் சொல்லி வைத்தாகிவிட்டது.

செய்தி மணியத்துக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி நவமணி அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“பிரேமா, ஒங்கப்பாவக் கை கழுவச் சொல்லு. சோறு போடணும்.”

பேச்சு அன்றைக்கு அப்படி மகள் வழியாகப் போக ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் இதற்கு முன் இரண்டு முறைதான் அந்தத் தடம் திறந்திருந்தது. இரண்டு முறையும் குற்றவாளி ஒரே ஆள்தான்.

*

அந்த மன்றத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எழுபத்தொன்றில் ஆரம்பித்தது. பழைய ஸ்டோர் கொட்டகை, கள்ளுக்கடைக்குப் பின்னால். ஒரு அம்ப்ளிபையர், ஒரு ஹாரன், ஒரு மைக், நூற்றுச் சொச்சம் ரெக்கார்டு. தோட்டத்தில் யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் இலவசம். சாயங்காலம் ரப்பர் பால் வெட்டுக்காரர்கள் அங்கே கூடிப் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுப் படிப்பார்கள். ஒருத்தன் பட்டணத்திலிருந்து ஒரு வயரிங் படம் கொண்டு வந்தால் மூன்று நகல் எடுத்து ஒன்றைச் சுவரில் ஒட்டி, இரண்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அனுப்ப வேண்டும். முதல் விதியே அதுதான்: கற்றதை மறைக்கக் கூடாது. வாசலில் மணியம் தன் கையாலேயே நீலப் பெயிண்டில் எழுதிய பலகை தொங்கியது: ‘அனைவரும் வருக.’

பதினான்கு வருஷத்தில் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். முப்பத்தொரு பேருக்கும் மீசை இருந்தது, அல்லது முளைத்துக்கொண்டிருந்தது.

*

வெந்த விரலோடு மணியம் மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனான். டிரஸர் சிரில் விரலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை ஜோசபின் மருந்துக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பினாங்கில் ஒரு மின்னணு ஆலையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். அந்த வருஷம் ஆலைகள் ஆட்களைக் குறைத்தபோது அவளும் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தோட்டத்தில் அவளுக்கு யாரையும் தெரியாது. ஞாயிறு பூசைக்குப் பீடோங் போய் வருவதைத் தவிர வெளியே தலை காட்டவில்லை.

அவள் மணியம் பக்கம் வந்ததும் நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

“அண்ணே, கெப்பாசிட்டர் வெடிச்சிருச்சா?”

மணியம் திடுக்கிட்டான். “யாரும்மா சொன்னது?”

“ஒங்க சட்டை சொல்லுது. அந்த நாத்தம் எனக்கு நல்லாத் தெரியும். பேட்டரிய மாத்திக் குடுத்திட்டீங்களா?”

மணியம் சிரிலைப் பார்த்தான். சிரில் தோளைக் குலுக்கினார். “எனக்கு ஊசி மட்டுந்தான் தெரியும் மணியம். அவளுக்கு இதெல்லாம் தெரியும்.”

“சரி பண்ணிடலாமாம்மா?”

“பாத்தாத்தான் தெரியும். பலகை கருகியிருந்தா சூசா லா, கஷ்டம். இல்லாட்டி போலே.”

அந்த ‘போலே’யைக் கேட்டதும் மணியத்தின் விரல் வலி பாதியாகக் குறைந்தது. முடியும் என்று மலாயிலோ தமிழிலோ ஒருத்தர்கூட அவனிடம் முந்தின நாளிலிருந்து சொல்லியிருக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல மழை. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. மன்றத்துக் கொட்டகை நிறைந்துவிட்டது. மணியம் ஜோசபினைக் குடையில் கூட்டிக்கொண்டு வந்தான். கள்ளுக்கடை முன்னால் குந்தியிருந்த ஏழெட்டுத் தலைகள் ஒன்றாகத் திரும்பின.

“வேற வழி இல்லையாண்ணே?” என்றாள் ஜோசபின்.

“எதுக்கு? இதுதான் நேர் வழி.”

ஜோசபின் குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே தர்மலிங்கம் விதிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. மெம்பரத் தவிர யாரும் செட்டத் தொறக்கக் கூடாது. நாலாவது விதி.”

“சரிங்க. மெம்பர் ஆயிடுறேன்.”

“மெம்பர் ஆவணும்னா தென்ன மரம் ஏறி ஹாரனக் கட்டணும். ரெண்டாவது விதி.”

“ஏன் லா?” என்றான் மனோகரன். மன்றத்தில் கடைசியாகச் சேர்ந்தவன், போன வருஷம்தான் ஏறினவன். “அதுக்கும் இதுக்கும் என்னா தலைவரே சம்பந்தம்?”

“நீ ஏறுனப்ப கேட்டியாடா? இப்ப என்னா கேள்வி? எல்லாரும் ஏறித்தான் வந்தோம்.”

மழைக்கு ஒதுங்கி வாசல் தாழ்வாரத்தில் ராக்காயி நின்றிருந்தாள். புல் வெட்டும் கும்பலில் மூத்தவள், அவளுடைய வாய்க்குத் தோட்டக் கணக்கர் கிராணி ஐயாவே வழி விடுவார். கங்கோங் கீரைக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகைக்கு உள்ளே வரவில்லை.

ஜோசபின் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தாள். மணியத்தின் எழுத்து, மணியத்தின் நடை.

“‘இன்று மன்றம் இனிதே துவங்கப்பட்டது. விதிகள் வாசிக்கப்பட்டன. வந்தோர் அனைவருக்கும் தேநீர் வழங்கப்பட்டது.’ நல்லா எழுதியிருக்கீங்கண்ணே.”

மணியத்துக்குக் காது சூடானது. நல்ல சூடுதான்.

“முதல் விதி, கற்றதை மறைக்கக் கூடாது. சரிங்க தலைவரே, எனக்குத் தெரிஞ்சத நான் மறைக்கலாமா கூடாதா?”

“கூடாது.”

“அப்ப யாருக்குச் சொல்றது? இந்த அம்ப்ளிபையருக்கா? அதத் தொறக்கக் கூடாதுங்குறீங்க.”

தர்மலிங்கம் தாடையைச் சொறிந்தார். லாரி சேற்றில் இறங்கும்போது அவர் இப்படித்தான் சொறிவார்.

ஜோசபின் இன்னும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “மரம் ஏறுனவங்க பேரெல்லாம் தேதியோட இருக்கு. தர்மலிங்கம். வால்டர். பரஞ்சோதி... மனோகரன்.” விரல் மறுபடி மேலே போய்க் கீழே வந்தது. “செயலாளர் பேரக் காணமே?”

தர்மலிங்கம் எட்டிப் புத்தகத்தைப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க எப்ப ஏறுனீங்க?”

“அது வந்து...” என்றான் மணியம். “அப்பல்லாம் மரமே வேற.”

“டேய்,” என்று தர்மலிங்கம் மெல்ல எழுந்தார். “நீ கீழ நின்னுகிட்டு ‘இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம் மேல’ன்னு சொல்லுவ. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மேல ஒன்ன நான் பாத்ததே இல்லியே.”

“யாராச்சும் ஒருத்தன் கீழ நிக்கணும்ல.”

“பதினாலு வருசமாவாடா?”

“அப்ப செட்டத் தொறந்து தொறந்து பாத்தது மெம்பரே இல்லாத ஆளு!” என்றான் மனோகரன். “அதான் வெடிச்சிருக்கு!”

தாழ்வாரத்தில் ராக்காயியின் சிரிப்பு கீரைக் கட்டையே உதற வைத்தது. மானம் போகிற அந்த நிமிஷத்தில் மணியம் வீரனைப் போல் வேட்டியை மடித்துக் கட்டினான்.

“இப்ப ஏறுறேன். வாங்கடா.”

மழை தூறலாகியிருந்தது. மன்றமே தென்னையைச் சுற்றி நின்றது. கள்ளுக்கடையும் எழுந்து வந்தது. மணியம் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டான், கட்டிப் பிடித்தான், ஏறினான். ஓர் ஆள் உயரம் போனான். அங்கே கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

“என்னாடா மணியம், பல்லி வேசமா?” என்றாள் ராக்காயி. “அவ்ளோ தூரம் போயிட்ட, அங்கேருந்து பாடாங் செராய் தெரியுதான்னு பாரு. சம்மந்தி வீட்ல என்னா கொழம்புன்னு சொல்லு.”

“எனக்குப் பயமா இருக்கு,” என்றான் மணியம் மரத்திடம்.

“என்னா?”

“பயம்டா! ஒசரம்னா எனக்குப் பயம்! சின்னப் புள்ளையிலேருந்து பயம்! எறக்கி விடுங்கடா பாவிகளா!”

நான்கு பேர் சேர்ந்து அவனை உரித்தெடுத்தார்கள். தரையில் கால் பட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினான்கு வருஷமாக வயிற்றில் வைத்திருந்த கல்லைப் பொது இடத்தில் கக்கியாகிவிட்டது, இனி யாருக்கு என்ன பயம்? விதிப் புத்தகத்தை வாங்கி, நெஞ்சில் ஒட்டியிருந்த மரப் பாசியைத் தட்டிவிட்டு, இரண்டாவது விதியின் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டான்.

“அப்ப ஹாரன யாரு கட்டுறது?” என்றார் தர்மலிங்கம். அவர் குரலிலும் கோபம் இல்லை. சிரித்துச் சிரித்துக் கண் நனைந்திருந்தது.

“கோயில்ல கொடி எப்படி ஏறுது தலைவரே?” என்றாள் ஜோசபின். “ஒரு தடவ கப்பி மாட்டிட்டா, கீழ நின்னு கயித்த இழுத்தாப் போதும். யார் வேணா இழுக்கலாம்.”

முப்பத்தொரு ஆண்கள் பதினான்கு வருஷம் முழங்காலைத் தேய்த்துக்கொண்ட மரத்தை மன்றத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்கள்.

*

திரும்பி வரும்போது ஜோசபின் கேட்டாள்.

“மன்றத்துல பொம்பளைங்க எத்தன பேருண்ணே?”

“கதவு தொறந்துதாம்மா இருக்கு. போர்டே போட்டிருக்கேன். ஒருத்தரும் வரல.”

“ஏன்?”

“தெரியலியே.”

“கேட்டீங்களா?”

மணியத்துக்கு அது புதுக் கேள்வியாக இருந்தது. மறுநாளே கேட்க ஆரம்பித்தான். பால் நிறுக்கிற இடத்தில் வாளியோடு வரிசையில் நின்ற காளியம்மாவைக் கேட்டான்: “ஏங்க்கா மன்றத்துக்கு வரல நீங்கள்லாம்?” காளியம்மா கல்யாணப் பத்திரிகை வைத்தவனுக்குச் சொல்வது போல், “வரணுந்தான் தம்பி, வரணுந்தான்,” என்றாள். கூட நின்ற பிச்சையம்மாளைக் கேட்டதற்கு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். ராக்காயியைக் கேட்டான். “போயி மரத்தக் கேளு. அதுதான் ஒனக்கு இப்ப சிநேகம்,” என்றாள். கடைசியில் துணிந்து நவமணியைக் கேட்டான். “பிரேமா, பருப்பு தீயுது. ஒங்கப்பாவத் தள்ளிப் போவச் சொல்லு,” என்று பதில் வந்தது. பருப்பு தீயவில்லை. மணியம் எட்டிப் பார்த்தான்.

ஜோசபின் இன்னொன்றும் கேட்டிருந்தாள். “வேலைய ஒங்க வீட்டுக் குசினில வச்சுக்கலாமாண்ணே? வெளிச்சம் நல்லா இருக்கும்.”

மணியத்தின் அடுப்படிக் குசினியில் இருந்தது கையகலச் சன்னல் ஒன்று. மன்றத்தில் நாலு ட்யூப் லைட். அவள் பொய் சொல்கிறாள் என்பது மணியத்துக்கே தெரிந்தது. எதற்காக என்பது, அம்ப்ளிபையரைச் சாக்கில் சுற்றிக் கள்ளுக்கடை முன்னால் தூக்கிக்கொண்டு போகும்போது, அந்த ஏழெட்டுத் தலைகள் மறுபடியும் திரும்பியபோதுதான் கொஞ்சம் உறைத்தது. அவனைப் பார்த்துத் திரும்பிய தலைகள் உடனே பழைய இடத்துக்குப் போய்விட்டன. அன்றைக்கு ஜோசபினைப் பார்த்தபோது போகவில்லை.

*

அந்த வாரம் முழுக்க மத்தியானத்துக்கு மேல் மழை. குசினி மேசையில் ஒரு பக்கம் மரவள்ளிக்கிழங்கும் சம்பாலும், மறுபக்கம் மூடி கழற்றிய அம்ப்ளிபையர். ஜோசபின் உள்ளே பார்த்து உதட்டைக் கடித்தாள். இரண்டு டிரான்சிஸ்டர் போயிருந்தது, ஒரு கெப்பாசிட்டர் வயிறு வெடித்துக் கிடந்தது, பலகையில் கட்டைவிரல் நீளம் செப்புத் தடம் கருகியிருந்தது.

“யாருண்ணே முன்ன சால்டர் வச்சது? ஆட்டுப் புழுக்க மாதிரி இருக்கு.”

“யாரோ,” என்றான் மணியம்.

“அப்பாதான்,” என்றாள் பிரேமாவதி.

மன்றத்துச் சால்டரிங் அயர்ன் கடப்பாரைக்குத் தம்பி. ஜோசபின் அதன் மூக்கில் தடித்த செம்புக் கம்பியை இறுக்கமாகச் சுற்றி, நுனியை அரத்தால் ஊசிபோல் சீவினாள். கடப்பாரை பேனாவாயிற்று. பழைய மைக் வயரின் மேலே பின்னியிருந்த செம்புச் சல்லடையை உருவி, ஆட்டுப் புழுக்கை மேல் வைத்துச் சூடு காட்டினாள். ஈயம் முழுவதும் துணியில் தண்ணீர் ஏறுவதுபோல் சல்லடையில் ஏறிவிட்டது. பலகை பளிச்சென்று நின்றது.

“யம்மாடி!” என்றாள் பிரேமாவதி.

முதல் நாள் பார்க்க வந்தது ராக்காயி. கீரை கொடுக்க வந்ததாகச் சொன்னாள். இரண்டாம் நாள் காளியம்மாவும் பிச்சையம்மாளும் கல்யாணப் பலகாரத்துக்கு மாவு சலிக்க வந்தார்கள். சலித்த மாவு மேசைக்குப் போகாமல் மடியிலேயே இருந்தது. ஜோசபின் வாய் மூடவில்லை. எது எதற்கு, ஏன், எது சுடும், எது சுடாது. தெரிந்ததை மறைக்கக் கூடாது என்ற விதியை அவ்வளவு முழுசாகக் கடைப்பிடித்த ஆளை மணியம் மன்றத்தில் பார்த்ததே இல்லை.

“அக்கா, நீங்க வைங்க,” என்று அவள் அயர்னை நவமணியிடம் நீட்டினாள்.

“எனக்கா? எனக்கு என்னா தெரியும்?”

“மரம் வெட்டுறப்ப கத்தி எவ்ளோ ஆழம் போவும்?”

நவமணி யோசிக்கவே இல்லை. “பட்டைக்கு உள்ள கட்டையில காயம் படக்கூடாது. பட்டுச்சுன்னா மரம் முடிச்சு விட்டுக்கும். அதுக்காக மேலாக்கச் சீவுனா பால் வராது. பால் வர்ற எடம் கைக்குத் தெரியும்.”

“அதேதான்க்கா. சூடு ரெண்டு செகண்டு. கூடுனா பலகையில காயம். கொறஞ்சா ஒட்டாது.”

பத்தொன்பது வருஷமாக விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு தினம் நானூறு மரம் வெட்டிய கை அயர்னை வாங்கியது. தொட்டது. எடுத்தது. ஈயம் மழைத்துளி போல் உருண்டு பளபளத்து உட்கார்ந்தது.

“பண்டாய்! கெட்டிக்காரி!” என்று கைதட்டினாள் ஜோசபின். “ஆலையில இத நான் கத்துக்க ரெண்டு மாசம் ஆச்சு. சூப்பர்வைசர் பாத்தா ஒங்களக் கூட்டிகிட்டுப் போயிடுவான்க்கா.”

“நல்லாக் கூட்டிகிட்டுப் போவான். இங்க சோறு யாரு ஆக்குறது?” என்றாள் நவமணி. ஆனால் அயர்னைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்ததையும் வைத்தாள். குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்கடுத்ததையும் வைத்தாள்.

மணியம் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

“நவுந்து நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

ஆறு நாளில் நேராக அவனிடம் வந்த முதல் வார்த்தை! திட்டுதான். மணியத்துக்கு அது இனித்தது. நகர்ந்து நின்றான். நல்ல நேரம் என்று நினைத்து, “ஒரு டீ இருந்தா...” என்று ஆரம்பித்தான். நவமணி தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. எதையோ எண்ணிக்கொண்டிருந்தவள், எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று சரிபார்ப்பது போன்ற பார்வை. மணியத்துக்குக் காரணம் விளங்கவில்லை. ஆனாலும் டீயைக் கைவிட்டான்.

தர்மலிங்கம் ஜோசபின் எழுதிக் கொடுத்த சாமான்களைப் பீடோங்கில் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்தார். குசினி வாசலில் வந்து தயங்கி நின்றார். உள்ளே ஆறு பெண்கள், மாவு, புகை, பேச்சு. கால் வைக்க இடம் இருந்தது. ஆனாலும் அவர் கால் வரவில்லை.

“வந்து... உள்ள வரலாமா?”

“ஏன், போர்டு இல்லாட்டி வரமாட்டியோ?” என்றாள் ராக்காயி. “இந்தாடி பிரேமா, கரித்துண்டு எடு. ‘அனைவரும் வருக’ன்னு நெலப்படியில எழுதி வையி. பாவம், தலைவரு மழையில நனையிறாரு.”

தர்மலிங்கம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே, மாவுச் சல்லடையை எடுத்துச் சலித்துக் கொடுத்தார்.

கருகிய தடத்துக்கு மேல் ஒரு செம்புக் கம்பி பாலமாக ஏறியது. கடைசியாக ஜோசபின் பேட்டரி வயரை எடுத்தாள். இரண்டில் ஒன்றைப் பாதியாக வெட்டிக் குட்டையாக்கினாள்.

“இது பிளஸ். மத்த முனைக்கு இது எட்டவே எட்டாது. இனிமே யாரும் மாத்திக் குடுக்க முடியாதுண்ணே.”

“அப்ப குங்குமம்?”

“குங்குமத்த அக்கா நெத்தியில வைங்க,” என்றாள் ஜோசபின். குசினி குலுங்கியது. அம்ப்ளிபையரில் புது பியூஸ் ஒன்று கண்ணாடிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. வெள்ளித்தாளை ஜோசபின் மணியத்தின் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்திருந்தாள்.

*

கல்யாணத்துக்கு இரண்டு நாளைக்கு முன்னால், மழை விட்ட பிற்பகல். மனோகரன் கடைசியாக ஒரு முறை மரம் ஏறிக் கப்பி மாட்டினான். கயிற்றின் நுனியை ராக்காயி பிடித்தாள். அவளுக்குப் பின்னால் காளியம்மா, பிச்சையம்மாள், மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுப்பதுபோல் பாவனை மட்டும் காட்டிய பிரேமாவதி. ஹாரன் தள்ளாடித் தள்ளாடி மேலே போனது. மணியம் கீழே நின்று பழக்கதோஷத்தில், “இன்னும் கொஞ்சம் மேல! இன்னும் கொஞ்சம் மேல!” என்றான். ஊரே அவனைத் திரும்பிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டான்.

பேட்டரியை இணைத்தது நவமணி. குட்டை வயர் அதற்கென்று இருந்த ஒரே முனைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜோசபின் தலையசைத்தாள். நவமணி விசையைத் தட்டினாள். ஒரு விநாடி ஒன்றும் இல்லை. மணியம் தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

பிறகு நாதஸ்வர ரெக்கார்டு தென்னை உச்சியிலிருந்து இறங்கியது. கரகரப்பு இல்லை, இழுவை இல்லை. லயத்து வீடுகளின் நாய்கள் எழுந்து நின்றன. முதல் டிவிஷன் பக்கத்திலிருந்து யாரோ பதிலுக்கு விசிலடித்தார்கள். கல்யாண வீடு கல்யாண வீடாகிவிட்டது. ஜோசபினை ராக்காயி இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள்.

விதிப் புத்தகம் ஸ்டூல் மேல் இருந்தது. ஜோசபின் முதலில் எழுதினாள். அப்புறம் ராக்காயி கைநாட்டு வைத்தாள். பிச்சையம்மாள் முந்தானைக்குப் பின்னாலிருந்து எட்டி எழுதிவிட்டு மறுபடி ஓடினாள். பிரேமாவதி, பாடாங் செராய் போனாலும் தன் பேர் இங்கே இருக்க வேண்டும் என்றாள். தர்மலிங்கம் தாடையைச் சொறிந்துவிட்டு, மன்றத்தைக் கள்ளுக்கடைப் பக்கத்திலிருந்து பாலர் பள்ளிப் பக்கம் மாற்ற கிராணியிடம் கேட்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். அந்த யோசனை தனக்கே தோன்றியது என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார்.

நவமணி கடைசியில் வந்தாள். பேனாவை எடுத்துப் பேரை எழுதினாள். மூடிவிடாமல் பின்னோக்கிப் பக்கங்களைப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போய், அங்கேயே நின்று படித்தாள். மணியம் பக்கத்தில் வந்து நின்றான். மேலே நாதஸ்வரம் குழைந்துகொண்டிருந்தது.

“ஏ நவமணி, நெசமா கேக்குறேன். இவ்ளோ நல்லா வேல செய்யிற. போர்டு போட்டுப் பதினாலு வருசம் ஆச்சு. ஏன் நீ ஒரு நாள்கூட மன்றத்துக்கு வரல? யாரக் கேட்டாலும் சிரிக்கிறாங்க, ஓடுறாங்க. நீயாச்சும் சொல்லேன்.”

நவமணி முதல் பக்கத்தின் கடைசி வரியில், ‘தேநீர் வழங்கப்பட்டது’ என்ற இடத்தில் விரலை வைத்தாள். அவன் பக்கம் நேராகத் திரும்பினாள்.

“வந்தேன்ல. மன்றம் தொறந்த அன்னிக்கே வந்தேன். பிரேமாவக் கையில புடிச்சிக்கிட்டு வந்து, இந்தப் பொட்டிக்குள்ள என்னா இருக்குன்னு ஒங்களக் கேட்டேன். நீங்க டீ எங்கன்னு கேட்டீங்க. எல்லாருக்கும் கலக்கிக் கொண்டாந்து குடுத்திட்டு, வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னு பாத்திட்டு, வீட்டுக்குப் போயிட்டேன். நான் வந்ததத்தான் நீங்க இங்க எழுதியிருக்கீங்க.”